வியாழக்கிழமை மூட வேண்டிய பல்

விஜயாவின் போன் வந்தபோது நான் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை. விஜயா, டாக்டர் தேன்மொழியின் பல் கிளினிக்கில் நர்ஸாக இருப்பவள். மறுநாள் எனக்கு அங்கே போக வேண்டியிருந்தது. நேரத்தை மாற்றச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "என்ன விஜயா, நாளைக்குக் காலையிலயா, சாயங்காலமா?" என்று நானே முந்திக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அழுகை. "டாக்டரம்மா செத்துட்டாங்கக்கா. குளிச்சிட்டு வந்து ஈரத் தலையோட சேர்ல உக்காந்தாங்களாம். டீ எடுத்துட்டு வரதுக்குள்ள சாஞ்சிட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, அங்க உசுரு இல்லன்னுட்டாங்க."

நான் விஜயாவைத் திட்டினேன். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் உளறாதே, சனிக்கிழமைதான் அவள் என் பல்லைத் திறந்து மருந்து வைத்து அனுப்பியிருக்கிறாள், நாளைக்கு மூட வேண்டும் என்று கத்தினேன். கத்தும்போதே என் நாக்கு அந்தப் பல்லின் மேல் போய் நின்றது. கீழ்க் கடைவாய்ப் பல். அதன் மேல் அவள் அப்பிவிட்ட தற்காலிக அடைப்பு, லேசான கிராம்பு வாசனையோடு அப்படியே இருந்தது. அடைத்தவள் இல்லை, அடைப்பு இருக்கிறது. இதை எழுதும் இந்த நேரம் வரை அது எனக்குப் பிடிபடவில்லை.

படத்திறப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இந்தச் சிறு மலரில் அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மரியாதையாக 'அவர்' என்று எழுதும்படியும் சொன்னார்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். நான் நோயாளிகள் முன்னால் டாக்டர் என்றும், மற்ற நேரத்தில் தேனு என்றும் கூப்பிடுவேன். அவளைத் தெரிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று அவள் வீட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை. திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், கம்மாபுரம் பக்கத்திலிருந்து வண்டியில் இரண்டு பேர் மூன்று பேராக வந்தவர்கள். பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பலருடைய ஒரு பக்கக் கன்னம் உள்ளிருந்து அசைந்துகொண்டிருந்தது. நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெண் யாரிடமோ, "எனக்கு வெள்ளிக்கிழம வரச் சொல்லியிருந்தாங்க" என்றாள். "எனக்கு மருந்து வச்சு அனுப்பிட்டாங்க, இன்னும் அடைக்கல" என்றது இன்னொரு குரல். ஊரில் எத்தனை பேருடைய பல்லை இவள் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோளில் துண்டு போட்ட ஒரு மனிதர் எழுந்து வந்து, விஜயாவிடம் வாயைத் திறந்து காட்டி, "ஏம்மா, இப்ப இத யாரு மூடுவாங்க?" என்று கேட்டார். சுற்றியிருந்த பெண்கள் பாய்ந்துவிட்டார்கள். "பொணத்த இன்னும் எடுக்கல, அதுக்குள்ள ஒனக்குப் பல்லு கேக்குதா?" என்றாள் ஒருத்தி. அவர் போகவில்லை. நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டார். "நான் என்னம்மா தப்பாக் கேட்டேன்? புடுங்கிப் போடுங்கன்னுதான் வந்தேன். இவங்கதான் வாணாம், காப்பாத்திரலாம்னாங்க. இப்ப இவங்களே இல்லன்னா நான் எங்க போவேன்?" என்றார்.

என்னால் அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அதே கேள்வி என் வாயிலும் இருந்தது. பாதியில் நிற்கும் பல்லை அப்படியே விட்டால் அடைப்பு உதிரும், எச்சில் உள்ளே இறங்கும், மறுபடி சீழ் பிடிக்கும், பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அவள் காப்பாற்றுகிறேன் என்று சொன்ன பற்களெல்லாம் அவளோடு போய்விடும். கூடத்தில் அவளைக் கிடத்தியிருக்க, வாசலில் நான் இதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பழக்கம் ஒரு முட்டாள்தனத்தில் ஆரம்பித்தது. வேர்ச் சிகிச்சைக்கு மோட்டாரில் சுழலும் புது மாதிரி ஃபைல்கள் வந்த புதிது. ஃபைல் என்றால் ஊசியைவிட மெலிந்த அரம். பல்லின் வேருக்குள் மயிரிழை போல ஒரு குழாய் ஓடுகிறதே, அதற்குள் விட்டு, கெட்டுப்போனதையெல்லாம் சுரண்டி எடுப்பது. அதுவரை விரலால் திருகித் திருகிச் செய்துகொண்டிருந்த வேலை. சென்னையில் பார்த்துவிட்டு வந்து தேன்மொழி ஒரு மோட்டாரை வாங்கிவிட்டாள். வாங்கியவளுக்கு நோயாளியின் வாயில் அதை விடத் தைரியம் வரவில்லை. பிடுங்கிய பற்களில் பழகிப் பார்த்தாள். அவள் கேட்ட மாதிரி வளைந்த வேருள்ள பல் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஒரு நாள் விசாரித்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்துவிட்டாள். "நீங்க பீங்கான்ல என்னென்னவோ பண்றீங்களே, உள்ள வளைஞ்ச ஓட்ட வச்ச கட்ட பண்ணித் தருவீங்களாக்கா?" என்றாள்.

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மீன் பிடிக்கும் நைலான் நரம்பைத் துண்டு துண்டாக வெட்டி, வளைத்து, பச்சை மண்ணுக்குள் புதைத்துக் கட்டைகள் செய்தேன். சூளையில் வைத்தால் நைலான் எரிந்து போகும், ஓட்டை நிற்கும். நினைத்தபடியே நின்றது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மோட்டாரை முடுக்கி ஃபைலை உள்ளே விட்டாள். டக்கென்று ஒரு சத்தம். பாதி ஃபைல் கட்டைக்குள், மீதி அவள் கையில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் என் வழக்கப்படி, கரண்ட்டுக் கம்பத்துக்கு அனுப்பும் பீங்கான் போல முழுச் சூட்டில் வேகவைத்திருந்தேன். "அக்கா, பல்லு இவ்ளோ கெட்டியா இருந்தா நான் ஏன்கா கட தொறந்து ஒக்காந்திருக்கேன்?" என்று அவள் சிரித்த சிரிப்பில் விஜயா ஓடி வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அரைச் சூட்டில், சாக்கட்டி போல மிருதுவாக இருக்கும்படி செய்து கொடுத்தேன். மாதக்கணக்கில் அவள் அதில் பழகினாள். மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் நான் போனால், வெள்ளைத் தூள் படிந்த மேசையில் தனியாக உட்கார்ந்து கட்டையைக் குடைந்துகொண்டிருப்பாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லையே, கண்ணாடி மாதிரி ஏதாவதில் செய்யலாமா என்று ஒருமுறை கேட்டேன். "பல்லுக்குள்ள மட்டும் தெரியுதாக்கா? கைக்குத் தெரியணும்" என்றாள். ஊரில் யாருடைய வாயிலும் அந்த மோட்டார் படுவதற்கு முன்னால் என் களிமண்தான் முதலில் அடி வாங்கியது என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

அந்த மேசையில் வைத்துத்தான் அவள் ஃபைல் உடையும் விதத்தைச் சொன்னாள். புது ஃபைல்கள் நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். எப்படி வளைத்தாலும் வளையும், விட்டால் நேராகிவிடும். வளைந்த வேருக்குள் அதனால்தான் சுலபமாகப் போகிறது. நல்ல ஃபைல்களை எடுத்து எடுத்து அவள் குப்பையில் போடுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஏன் வீணாக்குகிறாய் என்றேன். "பழைய ஸ்டீல் ஃபைலு ஒடையறதுக்கு முன்னாடி முறுக்கு பிரிஞ்சு காட்டிக்குடுத்துரும். இது காட்டாது. நாலு பல்லுக்கு மேல ஓட்டுனா எப்ப ஒடையும்னே தெரியாது. பாக்க நல்லாத்தான் இருக்குது. அதான்கா பயமே" என்றாள்.

சனிக்கிழமை அவள் என் வாய்க்குள் குனிந்திருந்தபோது அவள் முகம் எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவ்வளவு பக்கத்தில் நீங்கள் யாரும் அவளைக் கடைசியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். களைப்பு இல்லை, வேர்வை இல்லை, கை நடுங்கவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சிகிச்சையின்போது அவள் ஒரு ரப்பர் தாளை வாயின் மேல் விரித்து, நடுவில் துளை போட்டு, கெட்டுப்போன பல்லை மட்டும் வெளியே எடுப்பாள். எச்சில் உள்ளே போகக் கூடாது, கழுவுகிற மருந்து தொண்டையில் இறங்கக் கூடாது. அது இல்லாமல் வேரைத் தொட மாட்டாள். திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மங்களூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் முதல் தடவை அதைப் பார்த்துத் திமிறி எழுந்துவிட்டார். "என்னம்மா, மூஞ்சிய மூடுறீங்க? நான் என்ன பொணமா?" என்றார். "பல்லு மட்டும் வெளிய வரட்டும் பெரியவரே. நீங்க உள்ள பத்திரமா இருங்க" என்றாள் இவள். அவர் சிரித்துக்கொண்டே படுத்துவிட்டார். அந்தப் பெரியவரையும் அன்று பந்தலில் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அவள் முகத்தை ஒருமுறை பார்த்தவர், வெயிலில் போய் நின்றுகொண்டார். கூப்பிட்டும் நிழலுக்கு வரவில்லை.

அவளுக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பல் டாக்டர் ராமநாதனுக்கும் இருந்த சண்டை ஊருக்கே தெரியும். அவர் வயதில் பெரியவர். வலிக்கிறது என்றால் பிடுங்கிவிடுவார். சனங்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஒரே நடையில் முடிந்துவிடும், மறுநாள் வயலுக்குப் போகலாம். இவள் அவரைக் 'குறடு டாக்டர்' என்பாள். அவர் இவளை 'மிஷின் டாக்டரம்மா' என்பார். ஒரு கல்யாண வீட்டில் இருவரும் எதிரெதிரே இலையில் உட்கார்ந்தபோது, "ஏம்மா, ஒரு பல்லுக்கு எத்தன தடவ சனத்த அலைய விடுவ?" என்று அவர் கேட்டுவிட்டார். இவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "புடுங்கறதுக்கு ஒரு நிமிசம் போதும் சார். மொளைக்க வைக்க ஒங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் பாயசத்துக்கு நிற்காமல் எழுந்து போய்விட்டார்.

என் பல்லும் அவர் பார்த்து, பிடுங்க வேண்டும் என்று சொன்ன பல்தான். வேர் வளைந்திருக்கிறது, சீழ் கோத்திருக்கிறது, காப்பாற்ற முடியாது என்றார். தேன்மொழி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒங்க கட்டையிலயே இதவிட வளைஞ்சது போட்டிருக்கேன். வாங்கக்கா" என்றாள். சனிக்கிழமை நாற்காலியில் சாய்ந்தேன். உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, ஃபைலில் ஒரு கம்பியை இணைத்தாள். வேர் எவ்வளவு நீளம் என்று காட்டும் கருவி. கரண்ட்டு போகாத பொருளைச் செய்து பிழைக்கிறவள் நான். என் வாயிலேயே கரண்ட்டு விடுகிறாயா என்று பயந்தேன். "பேட்டரிதான்கா. டார்ச்சு செல்ல நாக்கால தொட்டா சுருக்குங்குமே, அந்தளவு கூட இல்ல" என்றாள். ஃபைல் இறங்க இறங்கக் கருவி பீப் பீப் என்றது, சத்தம் நெருங்கி நெருங்கி வந்து ஒரே சத்தமாக நீண்டது. "வந்துட்டோம். இதுதான் வேர் முனை. இதுக்கு மேல எலும்பு. அங்க நமக்கு வேலையில்ல" என்று அங்கேயே நிறுத்தினாள்.

சீழ் இருந்ததால் அன்றே நிரப்ப மாட்டேன் என்றாள். வெள்ளையாகக் குழைத்த மருந்தை உள்ளே விட்டாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயிலிருந்து ரப்பரை எடுத்ததும், "அது சுண்ணாம்புதானே?" என்றேன். "சுண்ணாம்புதான். வெத்தலைக்குத் தடவுறதுக்குச் சொந்தக்காரன். கிருமிக்கு ஆகாது" என்று சிரித்தாள். மருந்தின் மேல் ஒரு துளிப் பஞ்சும், பஞ்சின் மேல் அடைப்பும் ஏற்கனவே வைத்திருந்தாள். "அவசரப்பட்டு மூடுனா உள்ள இருக்கறது பேச ஆரம்பிச்சிரும். வியாழக்கிழம வாங்க, நிரப்பி மூடிரலாம்" என்றாள். கையைக் கழுவிவிட்டு வாசல் வரை வந்தாள். அதுதான் கடைசி.

அந்த வியாழக்கிழமை வந்தது, போனது. அதற்கடுத்த வியாழக்கிழமையும் போனது. நெய்வேலியில் நல்ல டாக்டர் இருக்கிறார், கடலூருக்குப் போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் போகவில்லை. அடைப்பின் ஓரம் உதிர்ந்து ஒரு துணுக்கு சோற்றோடு வந்தது. விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க மனம் வரவில்லை. வேறு ஒருவர் திறந்தால், அவள் கடைசியாக வைத்த பஞ்சும் மருந்தும் வெளியே போய்விடும். அவள் முடிக்காத வேலையை இன்னொருவர் முடித்துவிட்டால் அவள் செத்தது உறுதியாகிவிடும் என்று எனக்கு ஒரு பைத்தியக்காரத்தனம். எரித்துவிட்டு வந்த பிறகும் எனக்கு அது உறுதியாகவில்லை.

ஒரு சாயங்காலம் விஜயா மறுபடி கூப்பிட்டாள். "அக்கா, நம்ம கிளினிக்குத் தொறந்திருக்குது. ராமநாதன் சார் வந்து ஒக்காந்திருக்காரு. டாக்டரம்மா வூட்டுக்காரருகிட்ட அவரே வந்து சாவி கேட்டாராம். பாதியில நிக்கிறவங்க எல்லாரையும் கூப்பிடச் சொன்னாரு" என்றாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பிடுங்குவதற்கு அவளுடைய நாற்காலியே வேண்டுமா இவருக்கு என்று சண்டை போடத்தான் போனேன். வாசலில் துண்டு போட்ட அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து காட்டினார். பல் இருந்தது. மூடியிருந்தது. நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

"நீங்க புடுங்கறவராச்சே" என்றேன் ராமநாதனிடம். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஆமாம்மா. என்கிட்ட வர்ற பல்ல நான் புடுங்குவேன். இது அவங்க தொறந்த பல்லு. இதப் புடுங்க மாட்டேன்" என்றார். மூலையில் மூடி வைத்திருந்த மோட்டாரைக் காட்டி, "அத எனக்கு ஓட்டத் தெரியாது, தொடவும் மாட்டேன். கையால நிரப்பத் தெரியும். நம்பிக்க இருந்தா ஒக்காருங்க, இல்லன்னா கடலூருக்குச் சீட்டு எழுதித் தரேன். எங்கயாவது மூடிக்கங்க. தொறந்தே வச்சுக்காதீங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன். விஜயா கேட்காமலே ரப்பர் தாளைக் கொண்டுவந்தாள். அவருக்கு அதை மாட்டப் பழக்கமில்லை. அவளே மாட்டிவிட்டாள். அடைப்பை எடுத்தார். சின்ன இடுக்கியால் பஞ்சை வெளியே எடுத்தார். எடுத்தவர் அதைத் தட்டில் போடவில்லை. முகத்திலிருந்த துணியை இறக்கிவிட்டு, பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். உள்ளே சீழ் மிச்சமிருந்தால் பஞ்சு நாறும் என்று பிறகு விஜயா சொன்னாள். பல் வைத்தியர்கள் அப்படிப் பார்ப்பது வழக்கமாம்.

"ஒரு நாத்தமும் இல்ல. நான் முடியாதுன்னு சொன்ன பல்லு இது" என்றார். பிறகுதான் பஞ்சைத் தட்டில் வைத்தார். "ஒரு நிமிசம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாஷ் பேசின் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. எனக்கு வாயில் ரப்பர். சத்தம் போட்டு அழ முடியவில்லை. மல்லாந்து கிடந்தவளுக்குக் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. விஜயா பஞ்செடுத்துத் துடைத்துவிட்டாள், அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்து சுண்ணாம்பைக் கழுவி எடுத்தார். உள்ளே நிரப்பும் குச்சிகள் ரோஜா நிறத்தில், ஊதுபத்தியைவிட மெல்லியதாக இருந்தன. எத்தனை மிஷின் வந்தாலும் கடைசியில் நிரப்புவது இறுகிப்போன ஒரு மரத்துப் பால்தான் என்று தேன்மொழி சொல்வாள். அவள் குடைந்து வைத்த வழியில் குச்சி தடையில்லாமல் இறங்கியது. "வழி போட்டு வச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னார் ராமநாதன். நிரப்பி, மேலே அடைத்து மூடினார்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியது என்ன என்று எழுதி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வைத்த பஞ்சு குப்பைக்குப் போய்விட்டது. உள்ளே நிரப்பியது ராமநாதன். மேலே மாட்ட வேண்டிய பீங்கான் உறை வெளியூரில் செய்து வரப்போகிறது. பிடுங்காமல் என் வாயில் நிற்கிற அந்தப் பல் மட்டும் அவள் கொடுத்தது. வேர்ச் சிகிச்சை என்றால் நரம்பை எடுத்துவிடுவது. அதற்கு இனிமேல் சூடு தெரியாது, குளிர் தெரியாது, வலி தெரியாது. காலையில் எழுந்ததும் நாக்கு தானாகவே அங்கே போகிறது. உடம்பில் மற்ற இடமெல்லாம் அவள் போனது வலிக்கிறது. அவள் கை வைத்த அந்த ஒரு இடத்துக்கு மட்டும் இன்னும் சேதி போகவில்லை.